ஒன்று முதல் நான்கு வரை: புனே ஷட்டர் குறித்து ஓர் ஆராய்ச்சி

புனேயின் பழைய பேட்டைகளில் மதியம் ஒரு மணிக்குக் கடை ஷட்டர்கள் இறங்கும். நாலு மணிக்குத்தான் ஏறும். உலகப் புகழ்பெற்ற இந்த நிகழ்வுக்கு அறிஞர்கள் இரண்டு காரணங்கள் சொல்கிறார்கள்.

வெயில் என்பது முதலாவது. நிற்காது. கடல்மட்டத்துக்குச் சுமார் 560 மீட்டர் மேலே இருக்கிற ஊர் அது. வெந்து வடியும் வேலூரிலேயே மத்தியானம் கடை திறந்திருக்கிறது. இரண்டாவது, சோம்பல். இதை முன்மொழிந்தவர்கள் மும்பைக்காரர்கள் என்பதால் சாட்சியமாக ஏற்பதற்கில்லை. மும்பை, புனே, நாக்பூர் ஆசாமிகளை ஒப்பிட்டு நையாண்டி செய்த மராத்தி எழுத்தாளர் பு. ல. தேஷ்பாண்டேயும் புனேக் கடைக்காரரின் அலட்சியத்தைத்தான் பார்த்தார். கடைக்காரர் தலைமேல் இருந்த சுமையை எடை போடவில்லை.

மூன்றாவது இக்கட்டுரையின் சொந்தச் சரக்கு: கடைக்காரருக்கு மூச்சு முட்டுகிறது.

புனேயின் அப்பா பல்வந்த் சௌக்கில் ஒரு சின்ன ஸ்டேஷனரிக் கடையைக் கற்பனை செய்துகொள்வோம். முதலாளி, கணக்குப்பிள்ளை, சரக்கு இறக்குபவர், கல்லாவில் உட்கார்பவர் எல்லாம் ஒரே ஆள். ஜிஎஸ்டியின் காலாண்டுத் திட்டத்தில் சேராதவரானால் மாதாமாதம் 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி என்று படிவங்களைத் தாக்கல் செய்யவேண்டும். பில் கட்டைப் பிரித்துவைத்து ஓடிபிக்குக் காத்திருக்கும்போது, "பச்சை ரீஃபில் இருக்கா?" என்று ஒருவர் வந்து நிற்பார். கூட்டல் மறுபடி முதலிலிருந்து. பாதி ஷட்டர் இறக்கினால் குனிந்து எட்டிப் பார்ப்பார்கள். ஆகவே முழுதாக இறக்குவதே விஞ்ஞானபூர்வமானது.

மகாராஷ்டிரக் கடைகள், நிறுவனங்கள் சட்டம் 2017இல் வந்தபோது, தொழிலாளியைத் தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, அரை மணியாவது ஓய்வு தரவேண்டும் என்றது. முதலாளிக்கு யார் தருவது? புனேக்காரர் தனக்குத்தானே மூன்று மணி நேரம் வழங்கிக்கொண்டார். நம்மூர்க் கோயில்களில் உச்சிக்கால பூஜை முடிந்து நடை சாத்தினால் சாயங்காலம்தான் திறக்கிறார்கள். அதற்காகச் சாமியை யாரும் சோம்பேறி என்றதில்லை.

எதிர்வாதம் ஒன்று உண்டு: சித்தளே பந்து. 1950இல் புனேயில் தொடங்கிய இந்த மிட்டாய்க் கடை பாகர்வடிக்குப் பேர்போனது. மதிய அடைப்புக்கும் அதே அளவு பேர்போனதாக இருந்தது. 2017 ஜூலை முதல் மதியமும் திறந்திருப்போம் என்று அவர்கள் அறிவித்தது பத்திரிகைச் செய்தியே ஆனது. ஜிஎஸ்டி அமலுக்கு வந்ததும் அதே ஜூலையில்தான். இரண்டுக்கும் முடிச்சுப்போட இக்கட்டுரை துணியவில்லை. ஆனால் ஷிஃப்ட் போட ஆள் இருக்கும் பெரிய கடையின் கதை வேறு. ஒற்றை ஆள் கடைக்காரர் அதைப் பார்த்துச் சூடுபோட்டுக்கொள்ள வேண்டியதில்லை.

கேம்ப் பகுதியில், ஈஸ்ட் ஸ்ட்ரீட்டிலுள்ள கயானி பேக்கரியும் மதிய இடைவேளைக்குப் பேர்பெற்றதுதான். அங்கே ஷ்ரூஸ்பரி பிஸ்கட் வேண்டுவோர் காலையிலேயே போய் வரிசையில் நின்றுவிடுங்கள்.