புகைப்பவர் நீடூழி வாழ்க

அமெரிக்காவில் வசதியான வீட்டுக் குழந்தைக்குக் காப்பீடு உண்டு. பரம ஏழைக் குழந்தைக்கு மெடிக்கெய்ட் என்ற அரசுக் காப்பீடு உண்டு. நடுவில், அப்பாவுக்கு வேலை இருந்தும் கையில் காசில்லாத வீட்டுக் குழந்தைக்குத்தான் காய்ச்சலே வரக்கூடாது. அந்தக் குழந்தைக்காக 1997-இல் 'சிப்' என்ற அரசுக் காப்பீட்டுத் திட்டம் வந்தது. செலவுக்கு வழி? சிகரெட் வரி.

2007-இல் திட்டத்தை விரிவாக்க, ஐந்தாண்டுக்குக் கூடுதலாக 3,500 கோடி டாலர் கேட்டது நாடாளுமன்றம். 500 கோடி போதும் என்ற அதிபர் புஷ், அந்த ஆண்டிலேயே இரண்டு முறை மசோதாவைத் திருப்பியடித்தார். காப்பீடு இல்லாவிட்டால் என்ன, அவசர சிகிச்சைப் பிரிவு இருக்கிறதே என்பது அவர் கட்சி. வாஸ்தவம்தான். அங்கே யாரையும் விரட்டமாட்டார்கள். பில்தான் பின்னாலேயே வீடு தேடி வரும்.

2009 பிப்ரவரியில் அடுத்து வந்த அதிபர் ஒபாமா விரிவாக்கத்துக்குக் கையெழுத்திட்டார். அதன் செலவுக்காக, சிகரெட் பாக்கெட்டுக்கு 39 சென்ட்டாக இருந்த மத்திய வரி 1.01 டாலர் ஆனது. ஏப்ரல் 1 முதல் அமல். நாள் பார்த்தவர் யாரோ, கெட்டிக்காரர். ஆக, பிள்ளை இருமாமல் இருக்க ஊரார் இருமியாக வேண்டும். எல்லோரும் திருந்திவிட்டால் கஜானாவுக்குத்தான் மூச்சு முட்டும்.

2017 செப்டம்பரோடு திட்டத்தின் நிதி காலாவதியானது. புதுப்பிக்க ஏறக்குறைய நான்கு மாதம் இழுத்தார்கள். பத்தாண்டுக்கு நீட்டித்தால் அரசுக்கு 600 கோடி டாலர் மிச்சம் என்று நாடாளுமன்றத்தின் சொந்தக் கணக்குப்பிள்ளைகளே எழுதிக் கொடுத்தார்கள். ஆறாண்டுதான் நீட்டினார்கள். மீதி நான்கு அடுத்த மாதம்தான் நினைவுக்கு வந்தது.