இடையூரார் இன்னல்: திண்டிவனம், விழுப்புரம் பயணிகளின் இருக்கைப் பேறு குறித்த ஆய்வு

1. ஆய்வுக்களம்

சென்னையிலிருந்து தெற்கே சுமார் 120 கி.மீ. வந்தால் திண்டிவனம், இன்னும் 40 கி.மீ. போனால் விழுப்புரம். இவ்விரு ஊர்க்காரர்களையும் 'இடையூரார்' என்று இவ்வாய்வு குறிக்கும். இவர்களுக்கு என்ன குறை என்று முதலில் தேடினோம். லேசில் அகப்படவில்லை. விழுப்புரம் 1993 முதல் மாவட்டத் தலைநகர். அதன் ரயில் சந்திப்பிலிருந்து சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி என்று ஐந்து பக்கம் தண்டவாளம் போகிறது. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் பெயரைச் சுமந்த டி.எம்.வி. 2 நிலக்கடலை, நாட்டின் பல மாநிலங்களுக்குச் சிரமமில்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டது. பக்கத்திலேயே செஞ்சிக் கோட்டை. 2025இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டது.

கடலையும் கோட்டையும் ஏறிவிட்டன. ஏற முடியாதவர் இடையூரார் ஒருவரே.

2. சிக்கல்

வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணி, கிளாம்பாக்கம் பேருந்து நிலையம். திருச்சி வழி மதுரை வண்டி நிற்கிறது. பாதி இருக்கை காலி. படியில் ஒரு காலை வைத்தபடி நடத்துநர் சொல்வது:

"திருச்சி, மதுரை மட்டும் ஏறுங்க. திண்டிவனம், விழுப்புரம்லாம் வண்டி எடுக்கறப்ப ஏறிக்கலாம்."

சென்னையின் வெளியூர்ப் பேருந்து நிலையம் பாரிமுனையிலிருந்து 2002இல் கோயம்பேட்டுக்குப் போனது. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கத்துக்கு வந்தது. மேற்படி வாசகமும் மூட்டை முடிச்சுடன் கூடவே வந்திருக்கிறது. திண்டிவனத்துக்குத் தொலைவு குறைந்ததே தவிர, காத்திருப்பு குறையவில்லை.

3. காரணம்

நடத்துநரைக் குற்றம் சொல்வது ஆய்வு நெறியாகாது. திண்டிவனத்தில் ஒருவர் இறங்கினால் அந்த இருக்கை திருச்சி வரை காற்று வாங்கிக்கொண்டு போகும். நள்ளிரவில் வழியில் ஏற ஆளிருக்காது. வசூல் குறைந்தால் நடத்துநருக்குக் கிடைக்கும் படிக்காசும் குறையும். எனவே கணக்கு சரி. தப்பான இடத்தில் பிறந்தவர் இடையூரார்தான்.

விழுப்புரத்துக்கென்றே வண்டி இருக்கிறதே என்பர். இருக்கிறது, வெள்ளி இரவில் அதில் மூச்சுவிடத்தான் இடமிருக்காது. ரயில் இருக்கிறதே என்போர், முன்பதிவில்லாப் பெட்டியில் ஒருமுறை ஏறிவிட்டு வந்து பேசவும்.

4. வகைப்பாடு

இடையூரார் மூவகைப்படுவர்.

அ) பொய்யர்: "திருச்சி" என்று சொல்லி ஏறி, டிக்கெட் போடும்போது "திண்டிவனம் ஒண்ணு" என்பவர். செங்கல்பட்டு வரை திட்டு வாங்குவார்.

ஆ) வள்ளல்: உளுந்தூர்பேட்டைக்குக் காசு கொடுத்து விழுப்புரத்தில் இறங்குபவர்.

இ) துறவி: இன்ஜின் சூட்டின் மேல் துண்டை விரித்து உட்கார்ந்து, விக்கிரவாண்டி சுங்கச்சாவடி வெளிச்சத்தில் வாழ்வின் நிலையாமையை உணர்பவர்.

மூவருக்கும் முடிவு ஒன்றே: "ஊருக்குள்ள போகாது, பைபாஸ்லயே இறங்கிக்கங்க."

இதே வட்டாரத்துத் திருவக்கரையில் சுமார் 2 கோடி ஆண்டுப் பழைமையான மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. அவை அங்கேயே வளர்ந்தவை அல்ல, வெள்ளம் கொண்டுவந்து போட்டவை என்கிறது நிலவியல். ஆக, வழியில் இறக்கிவிடும் மரபு இவ்வட்டாரத்தில் மனிதருக்கும் முந்தியது.

5. விளைவு

வாரத்தில் சில மணி நேரத் தொல்லைதானே என்று தோன்றும். இல்லை. சென்னையில் நண்பனின் கல்யாண வரவேற்பு. பாயசம் வருமுன்னே இடையூரார் எழுந்துவிடுவார். ஞாயிறு மதியம் வீட்டில் சங்கரா மீன் குழம்பு. "இன்னும் ரெண்டு துண்டு போட்டுக்கப்பா" என்று அம்மா கரண்டியை நீட்டுவார். "வண்டி கெடைக்காதும்மா" என்று இவர் கைகழுவப் போவார். சம்பள உயர்வா, "நல்ல விஷயம்தான், ஆனா வெள்ளிக்கிழமை லேட்டா விடுவாங்களே" என்பார். நல்ல வேலை, சொந்த வீடு, சர்க்கரை இல்லாத உடம்பு எல்லாம் இருந்தும், "எப்படி இருக்கே?" என்று கேட்டால் அவர் சொல்வது பஸ் கதை.

இதிலிருந்து பெறப்படும் விதி: வாழ்வைக் கெடுக்கச் சிக்கல் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. வாசற்படியில் படுத்த நாய்போல், போகவர உள்ள வழியில் கிடந்தால் போதும். வீட்டிலுள்ள ஒவ்வொரு நல்லதும் அதைத் தாண்டித்தான் நம்மிடம் வர வேண்டியிருக்கிறது.

6. பரிந்துரை

வெள்ளி இரவில் ஒவ்வொரு தென்மாவட்ட வண்டியிலும் நாலு இருக்கையை இடையூராருக்கு ஒதுக்கலாம். அதுவரை, திருச்சி, மதுரை செல்லும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பக்கத்து இருக்கையில் வைத்திருக்கும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரம்தான். இடையூரார் இறங்கியதும் காலை நீட்டிப் படுக்க அந்த இடமும் உங்களுக்கே.