மாப்ள வாங்குன புல்லு மெசினு

வாங்க மாப்ள, வாங்க. குன்னூர்ப் பக்கம் ஏதோ எஸ்டேட் பங்களாவுல தட்டுமுட்டுச் சாமானெல்லாம் ஏலம் உட்டாங்களாம், நீ அதுல ஒரு கையால தள்ளற புல்லு மெசினை எடுத்து டெம்போவுல ஏத்திக்கிட்டு வந்துட்டயாம். உங்க அம்மா போன் பண்ணி அழுவாத கொறை. நாந்தான் சமாதானம் சொன்னேன். "உடு தங்கச்சி, ஊர்ல பசங்க சீட்டாடிக் காசைத் தொலைக்கறாங்க, நம்ம பையன் துருப்புடிச்ச இரும்பாச்சும் கொண்டாந்திருக்கானே"ன்னேன். அதுக்கும் அவ அழுவுறா.

சரி, வாங்குனது வாங்கியாச்சு. "நூத்தம்பது வருசத்துப் பழசு மாமா"ங்கறயே, அதை ஆரு சொன்னது? வித்தவனா? வித்தவன் சொல்ற வயசைக் கண்ணபுரம் மாட்டுச் சந்தையில ஆராச்சும் நம்புவாங்களா? வாயைப் பொளந்து பல்லைப் பாப்பாங்க. இதுக்கு எங்க பல்லுன்னு கேக்காத, ரெண்டு பக்கத்து வார்ப்படத் தகட்டுலதான் இருக்குது. எஸ்டேட் ஒர்க்‌ஷாப்புல ஃபிட்டரா இருந்த காலத்துல இதுங்களைப் பிரிச்சுப் பூட்டியே என்ற கை காய்ச்சுப் போச்சு, அதனால சொல்றேன் கேளு.

மொதல்ல அந்தக் கம்பி பிரஷ்ஷைக் கீழ போடு. சீமெண்ணெயில துணியை நனைச்சுத் தகட்டையும் சக்கரத்து மூடியையும் மெல்லமாத் தொடை. மேல ஏகப்பட்ட கோட்டு பெயிண்ட் இருக்கும், ஏன்னா புதுசா வர்ற ஒவ்வொரு மேனேஜரும் வேலை தெரியறதுக்கு முன்னால பெயிண்ட் அடிக்கச் சொல்லுவாரு. அதுக்கடியில எழுத்து மேடா நிக்கும். கண்ணுக்குத் தெரியலைன்னா வெரலை வெச்சுத் தடவிப் படி.

இப்ஸ்விச்னு ஊர்ப் பேரு இருந்தா அது ரேன்சம்ஸ். 1832லயே புல்லு மெசினு போட ஆரம்பிச்ச கம்பெனி. ஆர்புரோத்னு இருந்தா ஷேங்ஸ், ஸ்காட்லாந்துக்காரன். லீட்ஸ்னு இருந்தா தாமஸ் கிரீன். பல்சக்கரம் போடற சத்தம் ஆகாதுன்னு 1850கள்லயே சங்கிலி போட்டு ஓட்டுன ஆளு. ரேன்சம்ஸா இருந்தா கூட்டாளிங்க பேரையும் படி. "சிம்ஸ் அண்ட் ஹெட்"னு இருந்தா 1884க்கு முந்துனது. "சிம்ஸ் அண்ட் ஜெஃப்ரீஸ்"னு இருந்தா அதுக்குப் பிந்துனது. உன்ற மெசினுல ஜெஃப்ரீஸ்னு நல்லாவே தெரியுது மாப்ள. நூத்தம்பது வருசத்துல கொஞ்சம் கழிச்சுக்கோ.

பக்கத்துல ரெஜிஸ்டர் நம்பர்னு ஒன்னு பொறிச்சிருந்தா உடனே கூத்தாடாத. இங்கிலாந்துல டிசைன் பதிவு பண்றதுக்கு 1884ல ஒன்னுல ஆரம்பிச்சு நம்பர் போட்டாங்க. அதை வெச்சு வருசத்தைப் புடிச்சுரலாம், ஆனா அது டிசைனைப் பதிஞ்ச வருசம். உன்ற மெசினு அச்சுல இருந்து எறங்குன வருசமில்ல. அதே டிசைன்ல வருசக்கணக்கா வார்த்துத் தள்ளியிருப்பாங்க.

அப்பறம், "பெட்ரோல் ஊத்தற எடம் எங்க மாமா"ன்னு கேட்டயே, சிரிப்பை அடக்க எனக்கு வெத்தலை தேவைப்பட்டுது. பர்மிங்ஹாம்காரங்க 1921ல 'அட்கோ'ன்னு பெட்ரோல் மெசினு போட்டாங்க, வெலை 75 பவுனு. உன்றது அதில்ல. இதுக்கு எஞ்சின் நீதான்.

இதைக் கண்டுபுடிச்ச புண்ணியவான் எட்வின் பட்டிங். இங்கிலாந்துல ஸ்ட்ரவுட்னு ஒரு ஊரு, அந்தக் காலத்துல நம்ம கோயமுத்தூரு மாதர மில்லு நெறஞ்ச ஊரு. அங்க கம்பளித் துணி மேல நிக்கற பிசிறைச் சுத்தற பிளேடு வெச்சுச் செரைச்சு எடுப்பாங்க. அதைப் பாத்துட்டு, துணியைச் செரைக்கறது தரையைச் செரைக்காதான்னு யோசிச்சு, 1830 ஆகஸ்ட் 31ல பேட்டன்ட் வாங்கிட்டாரு. கிறுக்கன்னு சொல்லுவாங்கன்னு ராத்திரியில ஓட்டிப் பாத்தாருன்னு ஒரு பேச்சு. அதை உடு. பெரிய மனுசங்க தாங்களே இதைத் தள்ளுனா பொழுதும் போவும், ஒடம்புக்கும் நல்லதுன்னு அந்தப் பேட்டன்ட்லயே எழுதி வெச்சிருக்காரு பாரு, அதுதான் கெட்டிக்காரத்தனம். வேலைக்காரன் செஞ்சா அது கூலி. தொரை செஞ்சா அது உடற்பயிற்சி. நீ இப்பத் தொரை, தெரியுமில்ல?

இனிப் பிரிக்கற கதைக்கு வருவோம். ஒவ்வொரு போல்ட்டுக்கும் டீசலைச் சொட்டு உட்டு ராவெல்லாம் ஊறப் போடு. காத்தால வந்து சுத்தியலை எடுத்தே, மாமன் மாப்ள ஒறவு அத்தோட சரி. வார்ப்படம் வளையாது, ஒடையும். ஒடைஞ்சதுக்கு அப்பறம் தெருமுக்கு வெல்டிங் கடையில சாதா ராடு வெச்சு ஒட்டுனா ஒட்டுக்குப் பக்கத்துலயே விரிசல் உடும். நெதானமாச் சூடு ஏத்தி நிக்கல் ராடோ பித்தளையோ வெச்சு ஒட்டற கைப்பக்குவம் எல்லாத்துக்கும் வராது.

நீ ஆன்லைன்ல வாங்குன பளபளா ஸ்பேனர் செட்டு இருக்குதே, அது மில்லிமீட்டர். இது விட்வொர்த்ங்கற பழைய இங்கிலாந்து மரை. அதோட மரைக் கோணம் 55 டிகிரி, மில்லிமீட்டருக்கு 60. புது போல்ட்டை இதுல திணிச்சா ரெண்டு சுத்து போயி இறுகும், மூணாவது சுத்துக்கு மரையைத் தின்னுரும். ஸ்பேனரும் பொருந்தாது, நட்டு முக்குத்தான் மழுங்கும். திருகு ஸ்பேனர்ல பாத்துக்கறேங்கறயா? பட்டிங் அதுக்கும் ஒரு டிசைன் போட்டிருக்காரு. மெசினையும் செஞ்சு, அதைக் கெடுக்கற ஆயுதத்தையும் செஞ்சு குடுத்த மனுசன். டவுனுல பழைய சாமான் கடையில விட்வொர்த் ஸ்பேனரு இன்னமும் கெடைக்கும், போயித் தேடு.

சக்கரத்தைக் கழட்டறப்பக் கீழ வெள்ளைத் துணி விரிச்சுக்கோ. உள்ள பினியன் பல்சக்கரத்துக்குள்ள, தண்டுல ஒரு காடிக்குள்ள, சின்னதா ஒரு எஃகுத் துண்டு வழுக்கிக்கிட்டு இருக்கும். முன்னால தள்ளுனா அதுதான் பல்லுல மாட்டி பிளேடைச் சுத்த வெக்கும், பின்னால இழுத்தாக் கடகடன்னு நழுவி உட்டுரும். பினியனை உருவுனதும் அது பொத்துனு உழுந்து பண்டபாத்திரத்துக்கு அடியில ஓடிரும். அதோட முக்கு மழுங்கியிருந்தா மெசினு ஓடும், புல்லு வெட்டாது. லேத்துக்காரன் கிட்டக் குடுத்தாப் புதுசு அறுத்துக் குடுப்பான்.

எது எடது, எது வலதுன்னு பினியன் மேல கீறி வெச்சுக்கோ. மாத்திப் போட்டீன்னா முன்னால தள்ளறப்ப பிளேடு சும்மா நிக்கும், இழுக்கறப்ப உல்டாவாச் சுத்தும். ஆனா சாணை புடிக்கறதுக்கு அதே தப்பை வேணும்னே பண்ணோணும். மாத்திப் போட்டு, பிளேடு முனையில வால்வு கிரைண்டிங் பேஸ்டைத் தடவி, சக்கரத்தைப் பின்னால சுத்து. சுத்தற பிளேடும் கீழ நிக்கற பிளேடும் ஒன்னையொன்னு ஒரசித் தானே கூர்மையாயிரும். அப்பறம் பேஸ்டு ஒரு பொட்டு இல்லாமத் தொடைச்சுட்டு பினியனைப் பழையபடி பூட்டு.

அடுத்தது காயிதப் பரீட்சை. நாளைக்கு எடைக்குப் போற பேப்பர்ல ஒரு கிழிசலை எடுத்து ரெண்டு பிளேடுக்கும் நடுவுல நீட்டி, பிளேடை மெல்லச் சுத்து. இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் சரக்குன்னு அறுக்கோணும். மடிச்சுக் கடிச்சாத் தளர்வு. பிளேடு கிறீச்சிட்டுச் சுத்தவே கனத்தாலோ இறுக்கம் ஜாஸ்தி. ரெண்டு பக்கத்துத் திருகையும் கால் சுத்து, கால் சுத்தா மாத்தி மாத்தித் திருப்பு. பிளேடைச் சுத்தறப்ப அடுத்த கையி எங்க இருக்குதுன்னு பாத்துக்கோ. வெரலு போனா எந்த லேத்துலயும் அறுத்துக் குடுக்க மாட்டாங்க.

பெயிண்ட்டுக்கு வருவோம், உனக்கு ஆச அதுலதானே. பித்தளைப் பேருத் தகட்டைக் கழட்டுனா அடியில பழைய நெறம் வெயில் படாமக் கெடக்கும், அதைப் பாத்து நெறத்தைக் கலக்கு. தகட்டைத் தேச்சுத் தேச்சு எழுத்தை அழிச்சுறாத. பழைய பெயிண்ட்டுல ஈயம் இருக்கும், காஞ்ச உப்புத்தாளு போட்டுத் தூள் பறக்க உடாத. நனைச்சுத் தேய், மூஞ்சியில மாஸ்க்கு போடு. இதெல்லாம் கடைசி வேலை. நீ என்னமோ மொத நாளே பச்சை டப்பாவைத் தொறந்து வெச்சுக்கிட்டு நிக்கறே. ஃபோட்டோவுல பெயிண்ட் தெரியும் மாப்ள, பிளேடு தெரியாது. அதனாலதான் ஊர்ல பாதி பழைய மெசினுங்க பளபளன்னு நிக்குது, ஒன்னும் வெட்டறதில்ல.

ஓட்டறப்ப ஒன்னு கவனம். இது செரைக்கற சாமான், அருவாளில்ல. முழங்கால் ஒசரத்துப் புல்லுல உட்டா அது மடங்கிப் படுத்துக்கும், நீ மேல நடந்து போவே. ஒரு சின்னக் கல்லு சிக்குனாப் பிளேடு முனை போச்சு. வாசல்ல புல்லு போட்டிருக்கற ரெண்டு சென்ட்டுலயும் மொதல்ல குனிஞ்சு கல்லு பொறுக்கு. உடற்பயிற்சிதானே.

கடைசியா, முக்கியமானது. புல்லு வந்து உழுவற பொட்டி உன்ற மெசினுல இல்ல. எல்லாத்துக்கும் முன்னால தகரத்துல அதைச் செஞ்சுக்கோ. வெட்டுன கையோட, மருந்தடிக்காத புல்லா, குமிச்சு வெக்காம, அப்படியே என்ற கட்டுத்தரைக்குக் கொண்டாந்துரு. குமிச்சுச் சூடேறுன புல்லைத் தின்னா மாட்டுக்கு வயிறு ஊதிக்கும். இவ்வளவு யோசனை சொன்ன மாமனுக்குக் கூலி வேண்டாம் மாப்ள, வாரத்துக்கு ரெண்டு பொட்டி புல்லு வந்தாப் போதும்.