எஃகுத் தகட்டுக்கும் கழிவு பிடியுங்கள்!

மதிப்பிற்குரிய வாகனக் காப்புறுதி நிறுவனங்களின் கிளேம் பிரிவினருக்கும், அவர்கள் கணக்குக்குச் சட்டம் எழுதிக் கொடுத்த நாடாளுமன்றத்தாருக்கும்,

கோல சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், ஜெராம் வட்டாரத் தோட்ட மக்கள் சார்பில் எழுதும் பாராட்டு மடல் இது. மூப்பைக் கணக்குப் போடுவதில் உங்களுக்கு நிகர் யாருமில்லை.

முதலில் காடிக்கு வருவோம். எங்கள் சாலைகளில் செம்பனைக் குலை லாரியும், மின்மினி பார்க்கக் கம்போங் குவாந்தானுக்கு விரையும் வேனும், பழைய கஞ்சிலும் ஒன்றுக்கொன்று வழிவிட்டுத்தான் ஓடுகின்றன. வழிவிட மறந்த அன்று பம்பர் போகிறது. சொந்தக் காப்புறுதியில் கிளேம் போட்டால் காடியின் வயதைப் பார்க்கிறீர்கள். 5 வயதென்றால் மாற்றும் புது உதிரிபாகத்தின் விலையில் 15 விழுக்காடு எங்கள் தலையில். 6க்கு 20, 7க்கு 25 என்று ஏறி, 10 வயதிலிருந்து 40 விழுக்காடு. இதற்குப் பெட்டர்மென்ட் என்று பெயர். கிழட்டுக் காடிக்குப் புது பம்பர் மாட்டினால் உரிமையாளருக்கு லாபமாம். லாரி வந்து இடித்ததில் நாங்கள் அள்ளிய லாபத்தில் பங்கு கேட்கிறீர்கள், நியாயந்தானே!

கஞ்சில் உற்பத்தி நின்றது 2009இல். அதற்கு முழுக் காப்புறுதி தரவே உங்களில் பலர் யோசிப்பீர்கள். மனமிரங்கித் தந்தாலும், இன்று ஓடும் கஞ்சில் எல்லாமே 40 விழுக்காட்டுப் பிரிவின் ஆயுட்கால உறுப்பினர்கள். கூடுதல் பிரீமியம் கட்டினால் மட்டும் இந்தக் கழிவைத் தள்ளுபடி செய்துவிடுகிறீர்கள். காசைக் கண்டதும் காடிக்கு இளமை திரும்பிவிடுகிறது!

தவறு எங்களுடையது என்றால் இன்னொரு பரிசும் உண்டு. ஐந்தாண்டு பொத்திப் பொத்தி வளர்த்த 55 விழுக்காடு என்சிடி ஒரே கிளேமில் பூஜ்யம். அதனால் சின்ன அடிக்கெல்லாம் ஒர்க்‌ஷாப் டவுக்கேயிடம் ரொக்கமாகக் கட்டிவிட்டு, உங்களிடம் மூச்சே விடுவதில்லை. பிரீமியம் மட்டும் ஆண்டு தவறாமல் வந்து சேர்கிறது அல்லவா?

காடியைவிட மனிதனைக் கணக்குப் போடுவது உங்களுக்கு எளிது. 2018இல் திருத்தி வெளியிட்ட காய இழப்பீட்டுத் தொகுப்பு இருக்கிறது. எந்தக் காயத்துக்கு எத்தனை வெள்ளி முதல் எத்தனை வெள்ளி வரை என்று அதில் பார்த்து, வலிக்கும் வேதனைக்கும் பேரம் பேசிவிடலாம். ஆனால் காலொடிந்தவர் இனிச் சம்பாதிக்க முடியாத பணத்துக்கு வழி சொல்வது 1956ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 28ஏ பிரிவு. 30 வயதுக்குள் என்றால் 16 ஆண்டு. 31 முதல் 59 வரை, 60இலிருந்து வயதைக் கழித்துப் பாதியாக்க வேண்டும். 50 வயதுக்காரருக்கு 5 ஆண்டு, 58 வயதுக்காரருக்கு ஓராண்டு. 60 ஆகிவிட்டவருக்கு ஒரு காசு கிடையாது. பத்து வயதுக் காடிக்கே 40 விழுக்காடுதான் கழிக்கிறீர்கள். அறுபது வயது மனிதனை முழுசாகக் கழித்துவிடுகிறீர்கள். அவனுக்காகக் கூடுதல் பிரீமியம் கட்டவும் வழியில்லை.

2019 செப்டம்பருக்கு முன் இந்த எல்லை 55ஆக இருந்தது. ஐந்து வயது தள்ளிவைத்த கருணைக்கு நன்றி. ஆனால் எங்கள் பெரியவர்களுக்கு இந்த எல்லை இருப்பதே தெரியாது. அறுபதைத் தாண்டியும் ஜாகா வேலைக்குப் போகிறார்கள், பள்ளி வேன் ஓட்டுகிறார்கள், புல் வெட்டுகிறார்கள், உதிரிப் பழம் பொறுக்குகிறார்கள். விடியுமுன் மோட்டார் சைக்கிளில் மெயின் ரோட்டில் ஏறுகிறார்கள். சொக்சோவுக்கு இது தெரியும். 60 வயதுக்கு மேல் வேலை செய்பவருக்கும் வேலை விபத்துப் பாதுகாப்புக்காக அவருடைய முதலாளியிடம் சந்தா வாங்குகிறது; வேலைக்குப் போய்வரும் வழியில் நடக்கும் விபத்தும் அதில் அடங்கும். அதே பெரியவர், அதே மோட்டார் சைக்கிள்: சொக்சோ சட்டத்தில் தொழிலாளி, 28ஏ பிரிவில் காற்று வாங்கப் போனவர்!

உங்கள் கணக்கு முழுமை பெற எளியவனின் யோசனை ஒன்று. உடைந்த தொடையில் மருத்துவர் வைக்கும் எஃகுத் தகடு எலும்பைவிட உறுதியானது, அதிலும் புத்தம் புதியது. அதற்கும் 40 விழுக்காடு பெட்டர்மென்ட் பிடித்துக்கொள்ளுங்கள். எங்கள் கிழவர்கள் அடிபட்டு லாபம் பார்ப்பதை எத்தனை நாள்தான் பொறுத்துக்கொள்வீர்கள்?

கேலி போதும். நாடாளுமன்றத்தாரிடம் கேட்பது ஒன்றுதான்: 28ஏ பிரிவிலிருந்து அந்த 60ஐ எடுத்துவிடுங்கள். விபத்துக்கு முன் உழைத்துச் சம்பாதித்ததை ஒருவர் காட்டிவிட்டால், இன்னும் எத்தனை காலம் உழைத்திருப்பார் என்பதை நீதிபதி தீர்மானிக்கட்டும்.

இதைப் படிக்கும் பிள்ளைகளே, அறுபதைத் தாண்டிய அப்பாவோ அம்மாவோ இன்னும் சம்பள வேலைக்குப் போகிறார்கள் என்றால், சொக்சோ சந்தா கட்டப்படுகிறதா என்று முதலாளியிடம் இன்றே கேளுங்கள். விபத்து நடந்தால் 24 மணி நேரத்துக்குள் போலிஸ் ரிப்போர்ட் செய்யுங்கள். சட்டம் திருந்தும்வரை நம் கையில் இருப்பது அவ்வளவுதான்.

இப்படிக்கு,
40 விழுக்காடு கழிந்த காடியை ஓட்டும்,
100 விழுக்காடு கழிந்த ஓட்டுநர்