பனையைத் தள்ளறதுக்கு ஒரு யோசனை

வாப்பா, திண்ணையில உக்காரு. அணுபுரத்துக்கு இந்தாண்ட ஒரு கிரவுண்டு வாங்கிட்டே. நடுவுல ஒத்தப் பனை நிக்குது. சந்தடி இல்லாம அதைத் தள்ளணும். இதுக்கு என்கிட்டயா யோசனை கேக்க வந்தே? நல்ல ஆளைத்தான் புடிச்சே.

மொதல்ல, ராத்திரியில வெட்டு. பெரிய மனுசங்க அப்பிடித்தான் செய்யறாங்க. தாஜ்மகாலைச் சுத்தின பாதுகாப்பு வட்டாரத்துல, மதுரா பக்கம், 2024 செப்டம்பர்ல ராத்திரியோட ராத்திரியா 454 மரத்தைச் சாய்ச்சாங்க. அதுல 422 தனியார் தோட்டத்துக்குள்ள நின்னது. கச்சிதமான வேலை. 2025 மார்ச்சுல சுப்ரீம் கோர்ட்டு மரத்துக்கு ஒரு லட்சம்னு தீட்டினதுதான் கொஞ்சம் இடிக்குது. கொறைச்சுக்கங்கன்னு கெஞ்சியும் மசியல. கணக்கை நீயே போட்டுக்கோ, கம்ப்யூட்டர் படிச்சவன்.

அது வடக்கத்திச் சட்டம்ங்கறியா? வாஸ்தவம். நம்மூர்ல மலைப் பக்கத்து மரத்துக்கு 1955-லயே சட்டம் வந்துடுச்சு. பனை பாவம், மாநில மரம்னு பேரை வாங்கிக்கிட்டு 2021 வரைக்கும் நின்னுது. அந்த வருசம் வேளாண் பட்ஜெட்டுலதான் கலெக்டர் அனுமதி இல்லாம வெட்டக் கூடாதுன்னாங்க. கூடவே 76 லட்சம் பனை விதை தர்றோம்னாங்க. வெதைச்சா நுங்கு பாக்க பன்னெண்டு பதினஞ்சு வருசம் புடிக்கும். உன்னுது வெட்ட அரை மணி நேரம்.

"நெலம் என்னுது, பட்டா என்னுது"ன்னு சட்டம் பேசறே. சந்தனக் கன்னு வெச்சிருக்கறவனைக் கேளு. மரம் அவன் கொல்லையில, அவன் தண்ணியில வளரும். வெட்டறதுக்கு மட்டும் வனத்துறை வரணும். பட்டா நெலத்துச் சந்தனத்துக்குன்னே 2008-ல விதி எழுதி வெச்சிருக்காங்க.

ஆண் பனைதானே, காய்க்காதுன்னு உன் புரோக்கர் சொன்னானாமே. விரல் விரலா நீட்டிக்கிட்டிருக்கே, அந்தப் பாளையைச் சீவினாலும் பதநீர் எறங்கும்டா. உனக்குத்தான் பாக்கெட் ஜூஸ் இருக்கே, விடு.

இன்னொரு வழி, செங்கல் சூளைக்காரனைக் கூப்புடு. காசு கேக்காம அறுத்து ஏத்திட்டுப் போயிடுவான், தங்கமான மனுசன். அடிக்கட்டையை மட்டும் வுட்டுட்டுப் போவான். நாளைக்கு விஏஓ வந்து அது யாரு மனையில இருக்குன்னு பாப்பாரு. லாரி எப்பவோ போயிருக்கும். பட்டாவுல பேரு உன்னுது.

இதெல்லாம் ஒத்து வரலேன்னா கலெக்டருக்கு மனுவே போட்டுடு. நான் கூட வர்றேன், செங்கல்பட்டு போய் நாளாச்சு. காரணம் இன்னான்னு கேப்பாங்க. கார் நிறுத்த எடம் வேணும்னு எழுதணுமா? எழுதிடலாம்.

கார் எங்க?

இன்னும் வாங்கலியா?

சரி, மொதல்ல லோன் வரட்டும். அதுவரைக்கும் அந்த நெழல்ல உன் சைக்கிளை நிறுத்து.