சன்சுயிக்கு வந்த சம்பந்தம்

மட்டக்களப்புப் பக்கத்தில் கலியாணம் கட்டுகிற ஆண் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டுதான் வாசற்படி ஏறுவான். வீடு பெண்ணுடையது. வளவு, கிணறு, தென்னை எல்லாம் சீதன உறுதியில் எழுதியாயிற்று. களுவாஞ்சிக்குடியில் எனக்கு வாய்த்த வீட்டில் உறுதியில் எழுதாத சொத்து ஒன்றும் இருந்தது. ஹோலில், சோகேசுக்குப் பக்கத்தில், மாமி கையால் பின்னிய வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு மாமாவின் சன்சுயி செற். அதை அசைக்கப்படாது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை.

மாமா 1983இல் சவூதியால் வந்தபோது கொண்டுவந்தது. ரூபவாகினி ரீவி நிலையம் 1982 பெப்ரவரி 15இல்தான் தொடங்கியிருந்தது. மற்ற நிலையமான ஐரிஎன் அதற்கு மூன்று வருடம் மூத்தது. வளைகுடாவால் வந்த வீடு எது என்பதை அந்த நாளில் ரீவி, வீடியோ டெக், செற் மூன்றும் சொல்லும். மாமா மூன்றையும் கொண்டுவந்தார். ரீவியும் டெக்கும் காலமாகிவிட்டன. செற் மட்டும் இருக்கிறது: வெள்ளிநிற முகம், உள்ளங்கையை நிரப்பும் ஒரு வொலியூம் குமிழ், இடுப்பளவு உயரத்தில் இரண்டு ஸ்பீக்கர் பொக்ஸ்.

அந்தக் காலத்தில் ஊரில் ஒரு வீட்டில் டெக் என்றால் முற்றம் நிறையச் சனம். ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து, பாயை விரித்து, விடிய விடியப் படம். மற்ற வீடுகளில் ரீவிக்குள்ளிருந்து வருவதுதான் சத்தம். மாமா வீட்டில் அப்படியில்லை. டெக்கின் பின்பக்கத்திலிருந்து ஒரு கோட்டை இழுத்து செற்றில் குத்திவிடுவார். அடிதடிக் காட்சி வந்தால் சோகேசுக்குள் கிளாஸ் கிலுங்கும். பட்டிருப்புப் பாலம் மட்டும் கேட்டது என்பது மாமியின் கணக்கு. மாமியின் கணக்கை இந்த வீட்டில் யாரும் திருத்துவதில்லை.

பிறகு போர் வந்தது. கரண்ட் இல்லாத வருடங்களில் செற் ஒரு மேசையாக இருந்தது; மேலே குப்பி விளக்கு வைத்தார்கள். 2004 சுனாமி கடற்கரைப் பக்கத்தைத் தின்றபோது, வீடு பெரிய றோட்டுக்கு இங்கால, வாவிப் பக்கம் இருந்தபடியால் தப்பியது. மாமா போனபிறகும் மாமி வெள்ளிக்கிழமைகளில் துணியை எடுத்துத் தூசி தட்டுவா. அதற்கு மேல் அதற்கு வேலை இருக்கவில்லை.

வேலை கொடுத்தது புது ரீவி. மனைவியின் மூத்த அண்ணன் சுவிசிலிருந்து காசு அனுப்ப, கல்முனையில் போய் வாங்கிவந்தோம். சுவரில் மாட்டினால் கலண்டர்போல் ஒட்டிக்கொள்கிறது. படம் என்றால் படம். நாடகத்து மாமியாரின் மூக்குத்திக் கல்லை எண்ணலாம். ஆனால் அந்த மாமியார் வாயைத் திறந்தால் கிணற்றுக்கு அடியிலிருந்து கதைக்கிறா.

இதில் ரீவியைக் குற்றம் சொல்ல ஏலாது. தடித்த சத்தம் வரவேண்டுமென்றால் ஸ்பீக்கரின் கடதாசிக் கூம்பு நிறையக் காற்றைத் தள்ளவேண்டும். அதற்குப் பெட்டிக்குள் இடம் வேண்டும். பழைய ரீவிக்குப் பின்னால் ஒரு பெருத்த முதுகு இருந்தது, முன்னால் ஸ்பீக்கருக்கு ஒரு சல்லடையும் இருந்தது. இப்போதையது விரல் தடிப்பு. முகத்தில் முழுக்கத் திரை. ஸ்பீக்கரைக் கீழே பார்த்தபடியோ பின்னால் சுவரைப் பார்த்தபடியோ ஒளித்து வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டு நாடகம் முழுவதையும் முதலில் கேட்பது சுவர். மிச்சம்தான் மாமிக்கு.

"மருமகன், இவள் என்ன சொல்றாள்?" என்று மாமி ஒவ்வொரு வசனத்துக்கும் கேட்க, நான் நாடகத்துக்கு உரையாசிரியன் ஆனேன். பக்கத்தில் சன்சுயி துணி போர்த்துக்கொண்டு சும்மா இருந்தது. ஒன்றுக்கு முகம் இருக்கிறது, குரல் இல்லை. மற்றதற்குக் குரல் இருக்கிறது, பேச ஒன்றுமில்லை. சேர்த்து வைத்தால் என்ன?

எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேசும்போது முதலில் கேட்பது குடி. குடி தாய்வழியில் வருவது. ஒரே குடிக்குள் கட்டினால் அண்ணன் தங்கை கட்டினது மாதிரி. வயர் உலகத்திலும் இதே சட்டம்தான். சத்தத்தை வெளியே விடுகிற சொக்கெற் ஒரு குடி, உள்ளே எடுக்கிறது மற்றக் குடி. வெளியேயும் வெளியேயும் சேராது. உள்ளேயும் உள்ளேயும் சேராது. இதைக் கவனிக்காமல் கோட்டின் நிறத்தை மட்டும் பார்த்துச் சம்பந்தம் செய்பவர்கள்தான் உலகத்தில் அதிகம்.

அவர்களில் ஒருவர் என் மனைவியின் தம்பி. மச்சானுக்கு ஃபோனைத் திருத்தத் தெரியும். ஆகையால் எல்லாம் தெரியும். ரீவிப் பெட்டிக்குள் மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று வாலுள்ள கோட் ஒன்று சுருட்டிக் கிடந்தது. "அத்தான், கொம்பனிக்காரனே தந்திருக்கான், குத்திறதுதான் வேலை" என்றார். குத்தினார். சத்தமில்லை. அந்தக் கோட் பழைய டெக், டிவிடி போன்றவற்றின் படத்தையும் சத்தத்தையும் ரீவி உள்ளே வாங்குவதற்கு. இவர் உள்ளேயை உள்ளேக்குக் கட்டிவைத்திருக்கிறார்.

அடுத்து எங்கேயோ ஒரு ஃபோனைப் பிடித்து, அதன் ஹெட்ஃபோன் ஓட்டையிலிருந்து பாட்டு விட்டுச் செற்றைச் சோதிக்கலாம் என்றார். செற்றின் முதுகில் சொக்கெற்கள் வரிசையாக நிற்கும்: போனோ, டியூனர், ஓக்ஸ், டேப். முதலில் டேப்பில் பதிவுக்கான ஜோடியில் குத்தினார். அது வெளியே விடுகிற குடி. செற் வாயே திறக்கவில்லை. பிறகு போனோவில். அங்கே திறந்தது பாருங்கள் வாய்! போனோ என்பது இசைத்தட்டு ஊசிக்கு. ஊசியிலிருந்து வருவது மிகச் சின்ன மின்சாரம் என்பதால் அந்த வழியில் மட்டும் உள்ளே நூறு மடங்களவு பெருப்பித்து, 1954இல் அமெரிக்க இசைத்தட்டுக்காரர்கள் வகுத்த கணக்கின்படி தாழ்ந்த சுருதியைத் தூக்கிவிடும். ஃபோன் ஏற்கெனவே சத்தமாய்த் தருவதை அது நூறு மடங்காக்கினால் என்ன ஆகும்? சுசீலாம்மாவின் தாலாட்டு, கண்ணகியம்மன் சடங்கில் தெய்வமாடுகிறவரின் குரலில் வந்தது. மாமி குசினியிலிருந்து திருநீற்றுத் தட்டோடு ஓடிவந்தா.

கடைசியில் ஓக்ஸ். நாற்பது வருடப் பழைய பெட்டி, நேற்று வாங்கிய ஃபோனின் பாட்டை ஒரு கேள்வி கேட்காமல் பாடியது. இந்தச் சிவப்பு வெள்ளை ஆர்சிஏ சொக்கெற்றைக் கடந்த நூற்றாண்டின் முப்பதுகளில் அமெரிக்காவில் ஆர்சிஏ கொம்பனி, றேடியோவோடு இசைத்தட்டுப் பெட்டியைச் சேர்ப்பதற்காகச் செய்தது. அன்றைய பின் இன்றைய சொக்கெற்றிலும் பொருந்தும். இவ்வளவு நன்றாக வேலை செய்ததனால்தான் புது ரீவிக்காரர்கள் சத்தம் வெளியே விடுகிற பக்கத்தில் அதை எடுத்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். எங்கள் ரீவியில் கோட் குத்திச் சத்தம் வெளியே போக இரண்டே வழி: ஒன்று எச்டிஎம்ஐ ஏஆர்சி, 2009இல் வந்தது. மற்றது சதுரமாய் ஒரு சின்ன ஓட்டை, உள்ளே மங்கலாய்ச் சிவப்பு வெளிச்சம். இரண்டும் சன்சுயிக்குக் கேள்விப்படாத குடிகள்.

"புளூடூத் போடுங்க அத்தான், வயரே தேவையில்ல" என்று மச்சான் ஒரு பொட்டுப் பெட்டியை ஓக்ஸில் மாட்டினார். சத்தம் வந்தது, ஆனால் பிந்தி வந்தது. காற்றில் அனுப்புமுன் சத்தத்தை மடித்துக் கட்டி, மறுபக்கத்தில் அவிழ்க்கவேண்டும். அதற்குள் படம் போய்விடுகிறது. நாடகத்தில் அறை விழும், முகம் திரும்பும், கண்ணீர் வரும்; அதற்குப் பிறகு "பளார்". நான் இது சரிவராது என்று கழற்றப் போனேன். மாமி மறித்தா. "ஹிந்தியில எடுத்துத் தமிழில போடுறாங்க மகன், அது அப்பிடித்தான் இரிக்கும்" என்றா. டப்பிங் நாடகம் பார்த்துப் பழகியவர்களுக்கு உதடும் ஓசையும் சேர்ந்திருப்பதுதான் விசித்திரம். ஆனால் கிரிக்கெட்டில் ஸ்டம்ப் பறந்தபிறகு பந்து படுகிற சத்தம் கேட்டதை என்னால் பொறுக்க முடியவில்லை.

சந்தைப் பக்கம் றேடியோ திருத்துகிற ஒரு வயதானவர் இருக்கிறார். ஈய வாசம், கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடி. நான் விவரத்தைச் சொன்னதும் செற்றின் பெயரை இரண்டாம் முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். பழைய காதலியின் சுகம் விசாரிக்கிற முகம்.

"தம்பி, ரீவி இலக்கத்தில கதைக்கும். சன்சுயிக்கு அலைதான் விளங்கும். நடுவில ஒரு தரகர் வேணும்" என்று லாச்சியைத் திறந்து நெருப்புப்பெட்டியளவில் ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்தார். ஒரு பக்கம் சதுர ஓட்டை, மறு பக்கம் சிவப்பும் வெள்ளையும். டக் என்று பெயராம். இலக்கத்தை அலையாக்குகிற வேலை. ஐந்து வோல்ட் போதும். ரீவியின் யுஎஸ்பியிலேயே குத்தலாம், ரீவியோடு எழும்பி ரீவியோடு படுக்கும்.

பிறகு ஒன்று சொன்னார். அந்த வெளிச்ச ஓட்டை புதுச் சாமானே இல்லை. சீடி பிளேயரைச் செற்றோடு இணைக்க ஜப்பானில் தொஷிபா கொண்டுவந்தது, 1983இல். அதே 1983! எங்கள் ஹோலில் சன்சுயியும் அந்த வழியும் ஒரே வயது. பொருத்தம் பார்க்காமலே வயது பொருந்தியிருக்கிறது.

வீட்டுக்கு வந்து வேலையைத் தொடங்கினோம். ஒளிக் கோட்டின் இரண்டு நுனியிலும் கண்ணுக்குத் தெரியாத மாதிரி ஒரு பிளாஸ்ரிக் மூடி இருக்கும். மச்சான் அதைக் கழற்றாமல் அழுத்தப் பார்த்தார். மனைவி நகத்தால் கிள்ளி எடுத்தா. மறு நுனியைக் கையில் பிடித்தபோது உள்ளங்கையில் கடுகளவு சிவப்புப் பொட்டு விழுந்தது. செற்றின் முதுகில் சொக்கெற்றெல்லாம் பச்சைக் களிம்பு. கிழக்கே கடல், மேற்கே வாவி, இரண்டும் உப்பு. இந்த ஊரில் செம்பு பளபளப்பாக இருக்க முடியாது. பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்தேன். வொலியூம் குமிழைத் திருகினால் கர கர என்றது. இந்த முனைக்கும் அந்த முனைக்கும் பலமுறை உருட்டிவிட, கரகரப்பு இருமலாகிப் பின் நின்றது.

எல்லாம் குத்தியாயிற்று. ரீவி போட்டால் சத்தமில்லை. மெல்லிய இரைச்சல் மட்டும். றேடியோக்காரர் இதையும் சொல்லி அனுப்பியிருந்தார். ரீவி சில நேரம் சத்தத்தை டொல்பி என்ற மூட்டையாகக் கட்டி அனுப்பும்; இந்த மலிவுத் தரகருக்கு மூட்டை அவிழ்க்கத் தெரியாது. செட்டிங்ஸில் சத்தப் பகுதிக்குப் போய் பிசிஎம் என்று மாற்றவேண்டும். மனைவி ரிமோட்டில் ஒவ்வொரு படியாய் இறங்கி மாற்றினா.

செய்தி வாசிப்பவர் ஹோலுக்குள் வந்து உட்கார்ந்தார். அப்படித்தான் இருந்தது. மூச்சு இழுப்பது கேட்டது, கடதாசி புரட்டுவது கேட்டது. மாமி சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து இருந்தா.

ஒரு சிக்கல் மட்டும் மிச்சம். ஒளி வழியால் போகிற சத்தம் எங்கள் ரீவியில் ஒரே அளவில்தான் போகும். ரிமோட்டின் வொலியூம் பொத்தானை எவ்வளவு அமத்தினாலும் மாறாது. கூட்டவும் குறைக்கவும் எழும்பிப் போய் மாமாவின் குமிழைத் திருகவேண்டும். இவ்வளவு காலமும் ரிமோட் வைத்திருப்பவர்தான் இந்த வீட்டில் அரசாங்கம். அது பெரும்பாலும் என் மகள். இப்போது மாமி தன் கதிரையைச் சன்சுயிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுவிட்டா. ரிமோட் மகளிடம் இருக்கிறது, ஆட்சி மாமியிடம். நாடகத்துக்கு ஆறு, செய்திக்கு நாலு, எனக்குப் பிடித்த கிரிக்கெட்டுக்கு ஒன்று. காணி உறுதியில் எழுதாத சொத்தை எப்படி ஆளுவது என்று அவவுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

அயலில் இருந்து முறைப்பாடு வரும் என்று பயந்தேன். வந்தது. வேலிக்கு அங்கால இருக்கிற பெத்தா, பார்வை மங்கினதால் ரீவி பார்ப்பதை விட்டவ, காலையில் கிணற்றடியில் என்னைப் பிடித்துக்கொண்டா.

"மனே, ராவு ஏன் சத்தத்தக் குறைச்ச நீங்க? அந்த மூத்த மருமகள் கடைசியா என்ன சொன்னாள் எண்டு விளங்கல்ல எனக்கு."

அன்றிரவு ஏழரை மணிக்கு மாமி குமிழை ஏழில் வைத்தா. கொஞ்ச நேரத்தில் வேலிக்கு அங்காலிருந்து ஒரு குரல்:

"புள்ள, அவள் இண்டைக்கு என்ன நிறச் சீலை உடுத்திருக்காள்?"

"மாம்பழ மஞ்சள்!" என்று மாமி திரும்பிப் பார்க்காமலே கத்தினா. "கரை பச்சை!"