வீட்டு மரப்பட்டறையில் தூசிக்குழாய்ப் பாதையின் அமைப்பும் அரசியலும்: ஒரு முன்னோட்ட ஆய்வு

கார் ஷெட்டிலோ மொட்டை மாடித் தகரக் கூரையின் கீழோ டேபிள் சா ஒன்றை நிறுவிக்கொண்டு, சனி ஞாயிறுகளில் தேக்கை அறுக்கும் மனிதர் தமிழகத்தில் இன்று அரிய உயிரினம் அல்லர். மணை, முக்காலி, பாதியில் நின்றுபோன புத்தக அலமாரி ஆகிய அவருடைய படைப்புகளைக் கலை விமர்சகர்கள் கவனித்துக்கொள்ளட்டும். இவ்வாய்வு எடுத்துக்கொள்வது அவர் மேசையில் கிடக்கும் கட்டம்போட்ட தாளை. அதில் அவர் வரைந்துகொண்டிருப்பது தூசிக்குழாய்ப் பாதை, அதாவது இயந்திரங்களின் தூளை விசிறியால் உறிஞ்சிப் பைக்குக் கொண்டுபோகும் குழாய் வழி. அலமாரி என்றாவது முடியக்கூடும் என்ற அச்சம் உண்டு. வரைபடம் முடியவே முடியாது என்பதால் நிலையான ஆய்வுப்பொருளாகிறது.

ஆய்வின் எல்லை ஷெட்டின் நான்கு சுவர்கள். இழைப்புளியும் உளியும் கொண்டு வேலை செய்யும் ஆசாரிகள் விலக்கப்பட்டுள்ளனர். இழைப்புளி சுருள் தருகிறது, துடைப்பம் அதை அள்ளுகிறது, ஆய்வாளருக்கு அங்கே பிழைப்பில்லை.

மரத்தூளுக்கு இத்தனை ஆடம்பரமா என்று ஒரு பூர்வபக்கம் எழும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் வெளியிட்ட தொகுப்பில் மரத்தூளை முதல் வகைப் புற்றுநோய்க் காரணிகளில் சேர்த்தது. சிகரெட் புகையும் அதே வகைதான். இங்கிலாந்தின் ஹை வைகம்ப் நாற்காலிக்குப் பேர்போன ஊர். அங்கே மரச்சாமான் தொழிலாளரிடையே அரிய வகை மூக்குப் புற்றுநோய் அளவுமீறித் தென்படுவதை 1960களில் மருத்துவர்கள் கவனித்தார்கள். ஆண்டுக்கணக்கில் தொழிலாகத் தூசியில் நின்றவர்களின் கதை அது. வாரக் கடைசி முக்காலிக்காரர் உடனே உயில் எழுத வேண்டியதில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரிந்து தரையில் விழும் தூள் அல்ல, தெரியாததுதான் நுரையீரலுக்குள் ஆழமாகப் போகிறது என்பதை அவர் அறிந்திருக்க வேண்டும். தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான். கவலைக்குரிய துகள் 10 மைக்ரானுக்கும் கீழே. அது பட்டறையின் விளக்கை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போன பின்பும் காற்றில் மிதந்துகொண்டிருக்கும்.

இனி குழாய். மரத்தூளும் சீவலும் வழியில் படுத்துவிடாமல் பயணிக்க, குழாய்க்குள் காற்று நிமிடத்துக்குச் சுமார் 4,000 அடி வேகத்தில் ஓட வேண்டும் என்பது இத்துறையின் பழைய கணக்கு. மணிக்கு 73 கிலோமீட்டர். மாலை ஆறு மணிக்கு மவுண்ட் ரோட்டில் எந்த வாகனமும் கண்டறியாத வேகம் இது. இந்த வேகத்தில் 4 அங்குலக் குழாய் நிமிடத்துக்குச் சுமார் 350 கன அடி காற்றைக் கொண்டுபோகும். 6 அங்குலக் குழாய் 785 கன அடி. அப்படியானால் பெரிதாகவே போட்டுவிடலாமே என்றால், சிறிய விசிறியை 6 அங்குலக் குழாயில் மாட்டும்போது காற்றின் வேகம் பாதிக்கும் கீழே இறங்கி, படுக்கைக் குழாயெல்லாம் சீவல் தங்கிவிடும். சரி, சிறிதாகப் போடலாமா? அதே அளவு காற்றை 4 அங்குலத்தில் இழுக்க, 6 அங்குலத்தைவிட ஏழு மடங்குக்கும் மேல் எதிர்ப்பு. இரண்டு பக்கமும் அடிவாங்கும் இந்த இடத்தில்தான் பெரும்பாலான வரைபடங்கள் அழிரப்பரைச் சந்திக்கின்றன.

கோட்பாடு கடைக்கு வந்ததும் வேறு வேடம் போடுகிறது. நம்மூரில் இதற்கென்று குழாய் தேடி அலைய வேண்டாம், கழிவுநீருக்குப் போடும் சாம்பல் நிற எஸ்.டபிள்யூ.ஆர். குழாயே போதும். கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி மட்டும் ஆய்வுக்கு அப்பாற்பட்டது.

“எத்தனை பாத்ரூம் சார்?”

“பாத்ரூம் இல்லைங்க. மரத்தூளுக்கு.”

அவர் தலையை ஆட்டிவிட்டு, பாத்ரூம் கணக்கிலேயே பில் போடுவார். சிக்கல் வீட்டுக்கு வந்த பின்பு தெரியும். குழாய் வெளிவிட்டத்தில் 110 மில்லிமீட்டர். இயந்திரங்களின் வாய் 4 அங்குலம், அதாவது 100 மில்லிமீட்டர். ஹோஸும் 100. இது அதற்குள்ளும் போகாது, அது இதன்மேலும் ஏறாது. ஹீட் கன்னால் குழாயின் முனையை இளக்கி வழிக்குக் கொண்டுவருவதே இன்றுவரை எட்டப்பட்ட ஒரே சமரசம். ஒரு நற்செய்தியும் உண்டு. அடைத்துக்கொண்டால் திறந்து குடைவதற்கென்று கதவு வைத்த டோர் எல்போ என்றொரு உறுப்பைப் பிளம்பிங் உலகம் எப்போதோ ஆக்கி வைத்திருக்கிறது. பிளேனரில் ஈரப் பலகையைத் தள்ளியவர்கள் அந்தப் பெயர் தெரியாத மேதைக்கு நன்றி சொல்வார்கள்.

வளைவு பற்றிய வாதங்களை விரிக்க இடமில்லை. கிளை பிரிக்க டீ கூடாது, ஒய் வேண்டும், அதுவும் காற்று போகும் திசை பார்த்து. 90 பாகை எல்போவுக்குப் பதில் இரண்டு 45கள், நடுவில் கொஞ்சம் நேர்க்குழாய். சுருள் ஹோஸ் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. அதன் உள்மடிப்புகள் ஏறக்குறைய மூன்று மடங்கு எதிர்ப்பைக் கொடுக்கும். இதில் அறிஞர்களுக்குள் சண்டையே இல்லை, ஆகவே ஆய்வுக்குச் சுவையும் இல்லை.

சண்டை மின்னேற்றத்தில் இருக்கிறது. பி.வி.சி. குழாயில் தூசி உரசினால் நிலைமின்சாரம் உண்டாகும், ஷெட் வெடித்துவிடும் என்று ஒரு சாரார் குழாயைச் செப்புக் கம்பியால் சுற்றுகிறார்கள். சுற்றியதும் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். உரசினால் ஏற்றம் உண்டாவது உண்மை. கையை வைத்தால் சுளீரென்று அடிப்பதும் உண்மை. ஆனால் பி.வி.சி. மின்கடத்தாப் பொருள். ஓரிடத்தில் கம்பி தொட்டால் அந்த இடத்து ஏற்றம்தான் போகும், பக்கத்து அங்குலத்தில் இருப்பது அங்கேயே இருக்கும். மரத்தூள் காற்றோடு கலந்து வெடிக்க, ஒரு கன மீட்டருக்குச் சுமார் 40 கிராம் என்ற அடர்த்தி வேண்டும். ஓடும் வீட்டுக் குழாயில் அது நேர்வது மிக அரிது. மரத்தொழிற்சாலைகளின் பெரிய சேமிப்புக் கலங்களில் வெடிப்பு நடக்கிறது, அங்கே உலோகக் குழாயும் எர்த்தும் கட்டாயம். வீட்டில் அஞ்ச வேண்டியது ஆணியை உறிஞ்சி விசிறியில் மோதவிட்டுப் பொறி பறக்கவிடுவதும், கனன்ற தூள் பைக்குள் ஓசையில்லாமல் புகைவதும்தான். கம்பி சுற்றும் நேரத்தில் பையைக் காலி செய்திருக்கலாம்.

இதுவரை சொன்னவை துறை ஏற்கெனவே அறிந்தவை. இவ்வாய்வின் பங்களிப்பு இனிமேல்தான். வரைபடங்களில் குழாய்க்குக் கிடைக்கும் அக்கறை, குழாயின் வாய்க்குக் கிடைப்பதில்லை. குழாயை ஸ்கேலும் பென்சிலும் வைத்து வரையலாம். காற்றை வரைய முடியாது. ஆனால் வாய் இருக்கும் இடமே முக்கியம் என்பதற்கான காரணம் எளியது. விசிறி காற்றை ஊதினால், குழாய் விட்டத்தைப் போல 30 மடங்கு தூரம் தாண்டியும் அதன் வேகத்தில் பத்தில் ஒரு பங்கு மிஞ்சும். உறிஞ்சினால், ஒரே ஒரு விட்டத் தூரத்திலேயே பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். தீக்குச்சியை ஊதி அணைக்கலாம், உறிஞ்சி அணைக்க முடியாது. 4 அங்குலக் குழாயின் வாய் தூசியிலிருந்து ஒரு சாண் தள்ளியிருந்தால், அங்கே நடப்பது உறிஞ்சல் அல்ல, நல்லெண்ணம்.

எதிர்த்தரப்பின் பலத்தையும் பார்க்க வேண்டும். நிமிடத்துக்கு 4,000 சுற்றில் சுழலும் 10 அங்குல பிளேடின் பல், மணிக்கு ஏறக்குறைய 190 கிலோமீட்டரில் தூளை வீசுகிறது. அதைத் துரத்திப் பிடிக்க எந்த மோட்டாராலும் ஆகாது. தூள் பறக்கும் பாதையில் போய் வாயைத் திறந்து நிற்பது ஒன்றே வழி. டேபிள் சாவில் பெட்டிக்குக் கீழே ஒரு வாய் மட்டும் வைத்துவிட்டு, பிளேடுக்கு மேலே மூடியோடு இன்னொரு வாய் வைக்காதவர், மேலே கிளம்பும் தூள் முழுவதையும் தம் மூக்குக்கே எழுதிக்கொடுத்தவராகிறார்.

காற்று வெளியேறும் முனையில் அரசியல் தொடங்குகிறது. அமெரிக்க, கனடாப் பட்டறைக்காரர்கள் குளிர்காலத்தில் சூடாக்கிய காற்றை வெளியே தள்ள மனமின்றி, வடிகட்டி மீண்டும் அறைக்கே விடுகிறார்கள். அந்த வரைபடத்தை அப்படியே சென்னைக்கு இறக்குமதி செய்யும் நண்பர், மே மாதத்து ஷெட்டில் எந்தச் சூட்டைச் சேமிக்கிறார் என்பது விளங்கவில்லை. இங்கே வெளியே விடுவதே எளிது. வெளியே என்றால் எங்கே? மதில் அருகில் பக்கத்து வீட்டாரின் துணிக்கொடி. மாடியில் நம் வீட்டு வடகம். நெசவு அடர்த்தியில்லாத மலிவான பையைக் கட்டிக்கொண்டு, தெருவுக்குத் தேக்கு மணத்தைத் தானம் செய்வோரும் உளர். அந்தப் பை தூளைப் பிடித்துக்கொண்டு நுண்துகளை வெளியே விடுகிறது, அதாவது பிடிக்க வேண்டியதை விட்டுவிட்டு வேண்டாததைப் பிடிக்கிறது. பைக்கு முன்னால், காற்றைச் சுழற்றித் தூளைப் பிரிக்கும் சைக்ளோன் என்ற கூம்பை வைத்தால் பெரும்பாலான தூள் கீழே டிரம்மில் விழும், பை அடைக்காது. மரஅறுப்பு ஆலைகளின் கூரைமேல் கூம்புகளாக நெடுங்காலம் நின்ற இந்தக் கருவியைப் பார்த்துத்தான் ஜேம்ஸ் டைசன் 1970களின் இறுதியில் பையில்லாத வாக்குவம் கிளீனருக்கு யோசனை பெற்றார். வீட்டுக்குள் நுழைய அது 5,127 மாதிரிகள் எடுத்துக்கொண்டது. பட்டறைக்காரர்கள் தம் வரைபடங்களின் எண்ணிக்கை பற்றிக் கூச்சப்பட வேண்டாம்.

ஆய்வின் முடிபு வரைபடக்காரர்களுக்கு உவப்பாக இராது. விசிறியும் பையும் சேர்ந்த தூசி கலெக்டரை நடுவில் வைத்து இயந்திரங்களைச் சக்கரத்தில் ஏற்றுங்கள். ஓடுவதை மட்டும் அதன் பக்கம் உருட்டி வந்து, குட்டையான அகன்ற ஹோஸால் இணையுங்கள். குழாய்ப் பாதை என்ற ஒன்றே அநேகமாகத் தேவைப்படாது. கலெக்டர் வந்த பெட்டியில் அச்சிட்ட காற்றளவை நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் குழாயும் பையும் மாட்டாமல் அளந்தது. மறுப்புக் கட்டுரை எழுத விரும்புவோர் முதலில் தம் தூசிப்பையை உதறிவிட்டு வரவும். வெளியே நின்று, காற்றுக்கு முதுகு காட்டி, என்95 முகமூடியுடன்.